ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த கணக்கு

1951 அக்டோபர் மாதத்தின் கடைசி நாளில், பிரிட்டனில் இருந்த ஏறத்தாழ 60 ஆயிரம் மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பப்பட்டது. அத்துடன் ஒரு சிறிய வினாப்படிவமும் இணைக்கப்பட்டிருந்தது. நீங்கள் புகைப்பவரா, புகைத்துக் கைவிட்டவரா, ஒருபோதும் அப்பழக்கம் இல்லாதவரா? எந்த வயதில் தொடங்கினீர்கள்? நாளொன்றுக்கு எவ்வளவு புகைக்கிறீர்கள்? கேட்கப்பட்டவை ஏறத்தாழ இவ்வளவுதான். சில நிமிடங்களில் நிரப்பி அனுப்பிவிடக் கூடிய அந்தப் படிவத்துக்கு 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினர்.

அந்தப் பதில்கள் சொல்லவேண்டியதை முழுமையாகச் சொல்லி முடிக்க அரை நூற்றாண்டுக்கும் மேலாகியது. இளமையில் பற்றவைத்த சிகரெட்டுக்கு முதுமையில் என்ன விலை கொடுக்க நேர்கிறது என்பதை உலகம் ஐயத்துக்கிடமின்றி அறிந்துகொண்டது அந்த ஆய்வினால்தான். அதைத் திட்டமிட்டுத் தொடங்கிய ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் மருத்துவர் அல்லர். மருத்துவராக விரும்பி, நோயினால் அந்த வாய்ப்பை இழந்தவர்.

ஹில் 1897 ஜூலை மாதம் லண்டனில் பிறந்தார். தந்தை லியோனார்ட் ஹில் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். தந்தையின் வழியில் மருத்துவம் பயிலவேண்டும் என்பதே மகனின் எண்ணமாக இருந்தது. முதல் உலகப் போர் குறுக்கிட்டது. பள்ளிப் படிப்பை முடித்த ஹில், கடற்படையின் விமானப் பிரிவில் விமானியாகச் சேர்ந்து கிழக்கு மத்தியதரைக் கடல் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். எதிரியின் குண்டு அவரைத் தொடவில்லை; காசநோய் தொட்டது.

1917-இல் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது இருபது. காசநோய்க்கு அந்நாளில் மருந்தில்லை. ஓய்வு, நல்ல காற்று, உணவு ஆகியவற்றைத் தந்து காத்திருப்பதைத் தவிர மருத்துவர்களால் செய்யக் கூடியது அதிகமில்லை. ஈராண்டுகள் மருத்துவமனையிலும், மேலும் ஈராண்டுகள் வீட்டிலுமாக அவருடைய இளமையின் முக்கியமான காலம் படுக்கையில் கழிந்தது. நீண்டநாள் பிழைக்கமாட்டார் என்று கருதிய அரசு, முழுமையாக உடல்திறன் இழந்தவருக்கான ஓய்வூதியத்தை அவருக்கு வழங்கியது. அந்த ஓய்வூதியத்தை அவர் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெற்றார்.

மருத்துவக் கல்வி இனி இயலாது என்றான நிலையில், படுக்கையில் இருந்தபடியே அஞ்சல் வழியில் படிக்கக் கூடியதாக இருந்தது பொருளாதாரம். 1922-இல் லண்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். பொருளாதாரத்தில் அவருக்குப் பெரிய நாட்டமில்லை. குடும்ப நண்பரும் மருத்துவப் புள்ளியியலின் முன்னோடியுமான மேஜர் கிரீன்வுட் அவரைக் கைதூக்கிவிட்டார். கிராமப்புறத்து இளைஞர்கள் ஏன் ஊரைவிட்டு வெளியேறுகிறார்கள் என்று எசெக்ஸ் பகுதியில் ஆராய்வது ஹில்லுக்குக் கிடைத்த தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. புள்ளியியலை அவர் முறையாகப் பட்டம் பெற்றுக் கற்கவில்லை. கார்ல் பியர்சனின் வகுப்புகளில் அமர்ந்து கேட்டும், வேலை செய்தும் கற்றார்.

1930-களில் லண்டன் பொதுச் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். எண்களைக் கண்டு மிரளும் மருத்துவர்களுக்குப் புரியும்படி 1937-இல் லான்செட் இதழில் அவர் எழுதிய தொடர், பின்னர் நூலாக வெளிவந்து பல பதிப்புகளைக் கண்டது. சமன்பாடுகளைக் குறைத்து, தெளிவான ஆங்கிலத்தில், எது நியாயமான ஒப்பீடு, எது ஏமாற்றும் ஒப்பீடு என்று சொல்லிக்கொடுத்தார். இதுவே அவருடைய வாழ்நாள் பணியின் சாரம் என்றும் கூறலாம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, அவரை வீழ்த்திய நோய்க்கு ஒரு மருந்து வந்தது. அமெரிக்காவில் கண்டறியப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் பிரிட்டனுக்குச் சிறிதளவே கிடைத்தது. எல்லா நோயாளிகளுக்கும் கொடுக்க வழியில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், தற்செயல் எண்களின்படி முடிவு செய்யும் முறையை ஹில் வகுத்தார். பெயர்களும் ஒதுக்கீடும் மூடிய உறைகளில் வைக்கப்பட்டன. மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதங்களுக்குள் இறந்தவர்கள் 4 பேர். ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர். 1948-இல் வெளியான இந்த முடிவு, மருந்துகளைச் சோதிக்கும் முறையையே உலகெங்கும் மாற்றியது.

அந்த மாற்றத்தின் பயன் சென்னைக்கும் வந்தது. 1956-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம், உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம், சென்னை மாநில அரசு ஆகியவை இணைந்து சென்னையில் காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. ஏழை நோயாளிகளை வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்த முடியும், அதற்குச் சானடோரியம் தேவையில்லை என்பதை அதே தற்செயல் ஒதுக்கீட்டு முறையில் அம்மையம் நிறுவியது. அதன்பின் உலகின் காசநோய் மருத்துவம் வேறு பாதையில் சென்றது.

தொற்றுநோய் பின்வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் இன்னொரு நோய் முன்னேறிக்கொண்டிருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1922-இல் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களாகப் பதிவானவர்கள் 612 பேர். 1947-இல் அந்த எண்ணிக்கை 9,287. இருபத்தைந்து ஆண்டுகளில் பதினைந்து மடங்கு. இதன் காரணத்தை அறியும் பொறுப்பு ஹில்லிடம் வந்தது. உதவிக்கு ரிச்சர்ட் டால் என்ற இளம் மருத்துவரைச் சேர்த்துக்கொண்டார்.

அன்றைய பிரிட்டனில் ஐந்தில் நான்கு ஆண்கள் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினர். எல்லோரும் செய்யும் ஒன்றைக் காரணமாக நினைப்பது கடினம். பெருகிவரும் மோட்டார் வாகனங்களின் புகையோ, சாலைகளில் பூசப்படும் தாரோ காரணமாக இருக்கலாம் என்ற ஐயமே டாலின் மனத்தில் முதலில் இருந்தது. லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 709 பேரையும், அதே வயதும் பாலினமும் கொண்ட வேறு நோயாளிகள் 709 பேரையும் ஒப்பிட்டார்கள். புற்றுநோய் கண்ட 649 ஆண்களில் புகைப்பழக்கமே இல்லாதவர்கள் இருவர் மட்டுமே. மற்ற நோயாளிகளான 649 ஆண்களில் 27 பேர். தரவுகள் திரண்டுவந்தபோதே டால் தம் புகைப்பழக்கத்தை விட்டுவிட்டார்.

உடனே வெளியிட வேண்டாம், லண்டனுக்கு வெளியிலும் இதே முடிவு வருகிறதா என்று பார்க்கலாம் என மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் செயலர் அறிவுறுத்தினார். அவர்கள் காத்திருந்தனர். அதற்குள் அமெரிக்காவில் எர்ன்ஸ்ட் விண்டர் என்ற மருத்துவ மாணவரும், எவர்ட்ஸ் கிரஹாம் என்ற அறுவை மருத்துவரும் ஏறத்தாழ இதே முடிவை முதலில் வெளியிட்டுவிட்டனர். ஹில்–டால் கட்டுரை 1950 செப்டம்பரில் வந்தது. தீவிரப் புகைப்பழக்கம் கொண்டிருந்த கிரஹாம் அதைக் கைவிட்டார்; ஆனாலும் 1957-இல் நுரையீரல் புற்றுநோயாலேயே இறந்தார்.

ஆனால் உலகம் நம்பவில்லை. நம்பாததற்கு நியாயமும் இருந்தது. நோய் வந்த பிறகு கடந்த காலத்தைக் கேட்டால், நினைவு பிசகலாம். கேட்பவரின் சார்பும் கலந்துவிடலாம். இதற்கு ஹில் கண்ட விடை, திசையை மாற்றுவது. நோயாளியைக் கண்டு பின்னோக்கிக் கேட்பதற்குப் பதிலாக, நலமாக இருப்பவர்களிடம் இன்றே பழக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, யாருக்கு என்ன நேர்கிறது என்று முன்னோக்கிக் காத்திருப்பது. குறிப்பிட்ட ஒரு குழுவை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் இந்தத் தொடர் ஆய்வில் நோய்க்கு முன்பே பதில் எழுதப்பட்டுவிடுகிறது. அதைப் பின்னர் யாரும் திருத்த முடியாது.

மருத்துவர்களை அவர் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. அவர்கள் பதிவேட்டில் இருப்பவர்கள். எங்கு சென்றாலும் கண்டறியலாம். இறந்தால் சான்றிதழில் காரணம் துல்லியமாக இருக்கும். கேள்வியின் பொருளை உணர்ந்து பதிலளிப்பார்கள். இன்னொன்றும் நிகழ்ந்தது. தம் சக மருத்துவர்களின் சாவிலிருந்தே பெறப்பட்ட உண்மையை மருத்துவர்களால் எளிதில் ஒதுக்கித்தள்ள முடியவில்லை.

1954 ஜூனில் முதல் அறிக்கை வெளியானது. 35 வயதுக்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்களில் இரண்டரை ஆண்டுகளுக்குள் 789 பேர் இறந்திருந்தனர். அவர்களுள் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 36 பேர். அந்த 36 பேரில் புகைப்பழக்கம் இல்லாதவர் ஒருவரும் இல்லை. புகைக்கும் அளவு கூடக் கூட இறப்பு விகிதமும் படிப்படியாகக் கூடியது. அதே ஆண்டின் தொடக்கத்தில், புகைக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பிருப்பதாகச் செய்தியாளர்களிடம் அறிவித்த பிரிட்டன் சுகாதார அமைச்சர், அந்தக் கூட்டம் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாகச் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். காலத்தின் மனநிலை அதுவாக இருந்தது.

மிகக் கடுமையான எதிர்ப்பு வந்தது புள்ளியியல் உலகிலிருந்தே. அத்துறையின் மாமேதையும், தற்செயல் ஒதுக்கீடு என்னும் கருத்தின் மூலவருமான ரொனால்ட் ஃபிஷர், தொடர்பு இருப்பதாலேயே காரணம் ஆகிவிடாது என்றார். புகைக்கத் தூண்டும் மரபணுவே புற்றுநோயையும் தூண்டலாம் அல்லவா என்று கேட்டார். ஃபிஷர் குழாயில் புகைப்பவர்; புகையிலை உற்பத்தியாளர் அமைப்பின் ஆலோசகராகவும் இருந்தார். ஆயினும் அவர் எழுப்பிய கேள்வியை அதற்காக மட்டுமே தள்ளிவிட முடியாது. யார் புகைப்பது, யார் புகைக்கக் கூடாது என்று குலுக்கல் முறையில் மனிதர்களைப் பிரித்துச் சோதிக்க அறம் இடம்தராது. அப்படியானால் காரணத்தை நிறுவுவது எவ்வாறு?

ஹில் சொற்போரில் இறங்கவில்லை. கணக்கைத் தொடர்ந்தார். 1964-இல் வெளியான பத்தாண்டு அறிக்கையில், புகைப்பதைக் கைவிட்டவர்களின் ஆபத்து ஆண்டுக்கு ஆண்டு குறைவது தெரிந்தது. மருத்துவர்கள் பெருமளவில் சிகரெட்டைக் கைவிட, அவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறைந்தது. பொதுமக்களிடையே அது ஏறிக்கொண்டிருந்தது. பிறப்போடு வந்த மரபணு, சிகரெட்டை விட்டதும் மாறிவிடாது. ஃபிஷர் அந்த அறிக்கையைப் பார்க்க இல்லை; 1962-இல் அவர் மறைந்துவிட்டார்.

1965-இல் ஓர் உரையில் ஹில் தம் அனுபவத்தைத் தொகுத்துத் தந்தார். ஒரு தொடர்பைக் காரணம் என்று ஏற்குமுன் கவனிக்கவேண்டிய ஒன்பது கோணங்களை அதில் வரிசைப்படுத்தினார். தொடர்பு எவ்வளவு வலுவானது? வெவ்வேறு இடங்களிலும் அது காணப்படுகிறதா? காரணம் முன்னும் விளைவு பின்னுமாக வருகிறதா? அளவு கூடினால் விளைவும் கூடுகிறதா? இப்படி ஒன்பது. இவற்றில் எதுவும் தனியே நின்று தீர்ப்புச் சொல்லாது என்றும் எச்சரித்தார். மக்கள் விரும்பிச் செய்யும் ஒன்றை நிறுத்தச் சொல்வதற்கு மிக வலுவான சான்று வேண்டும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அதே சமயம், அறிவியல் என்றுமே முழுமையடையாதது என்பதால் அதைச் சாக்காகக் கொண்டு இன்று செய்யவேண்டியதைத் தள்ளிப்போடும் உரிமை நமக்குக் கிடையாது என்ற கருத்துடன் உரையை முடித்தார். உலகின் பொதுச் சுகாதார மாணவர்கள் இன்றும் படிக்கும் உரை அது.

1961-இல் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கப்பட்டது. பணி ஓய்வும் அதே ஆண்டில்தான். 1991 ஏப்ரலில், 93-ஆவது வயதில் அவர் மறைந்தார். இருபது வயதில் பிழைக்கமாட்டார் என்று முடிவு கட்டப்பட்டவர்!

அவர் தொடங்கிய ஆய்வு அவருக்குப் பின்னும் நடந்தது. டாலும், ஆக்ஸ்ஃபோர்டில் அவருடைய சகாவான ரிச்சர்ட் பீட்டோவும் அதைத் தொடர்ந்தனர். மருத்துவர்களின் பழக்கம் மாறியதா என்று 2001 வரை பலமுறை மீண்டும் கேட்கப்பட்டது. முதல் அறிக்கை வெளிவந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் நிறைந்த நாளில், 2004 ஜூன் 26 அன்று, இறுதிக் கணக்கு வெளியானது. அப்போது டாலுக்கு வயது 91. மறு ஆண்டே அவரும் மறைந்தார்.

அந்த இறுதிக் கணக்கில்தான் இளைஞர்களுக்கான செய்தி இருந்தது. முதல் அறிக்கைகளால் அதைச் சொல்லியிருக்கவே முடியாது. 1950-களில் முதுமையடைந்து இறந்தவர்களில் பலர், சிகரெட் பரவலாவதற்கு முன்பே இளமையைக் கடந்தவர்கள். வாலிபத்தின் தொடக்கத்திலிருந்தே சிகரெட்டில் ஊறிய தலைமுறை, 1920-ஐ ஒட்டிப் பிறந்த தலைமுறை. அவர்கள் அறுபதையும் எழுபதையும் எட்டிய பிறகே முழு ஆபத்தும் வெளிப்பட்டது. அத்தலைமுறையில் தொடர்ந்து சிகரெட் புகைத்தவர்களின் இறப்பு விகிதம், புகைக்காதவர்களுடையதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. வாழ்நாள் முழுதும் புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டுகளை இழந்தனர். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாவுக்கு அந்தப் பழக்கமே காரணம்.

நம்பிக்கை தரும் மறுபக்கமும் அதே கணக்கில் உண்டு. அறுபது வயதில் விட்டவர்கள் மூன்று ஆண்டுகளை மீட்டனர். ஐம்பதில் விட்டவர்கள் ஆறு. நாற்பதில் விட்டவர்கள் ஒன்பது. முப்பது வயதில் விட்டவர்கள் இழக்கவிருந்த பத்து ஆண்டுகளையும் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பப் பெற்றனர். ஓர் இளைஞனிடம் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறில்லை. மிரட்டலும் அறிவுரையும் எடுபடாத வயதில், கதவு இன்னும் திறந்திருக்கிறது என்ற செய்தி எடுபடக்கூடும்.

இந்தக் கணக்கு நமக்கு அந்நியமானதன்று. 2003-இல் லான்செட் இதழில் வெளியான ஓர் ஆய்வில், சென்னையைச் சேர்ந்த கஜலட்சுமியும் அதே பீட்டோவும் அவர்களுடைய குழுவினரும் தமிழ்நாட்டில் நிகழ்ந்த ஏறத்தாழ 43 ஆயிரம் ஆண்களின் இறப்புகளை, உயிருடன் இருந்த 35 ஆயிரம் ஆண்களுடன் ஒப்பிட்டனர். மேலைநாடுகளில் புகை பெரும்பாலும் புற்றுநோயாகவும் இதயநோயாகவும் கொல்கிறது. இங்கோ பீடியும் சிகரெட்டும் காசநோயின் கைகோத்துக் கொல்வது தெரியவந்தது. இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகைப்பழக்கமே காரணம் என்பது அவ்வாய்வின் முடிவு. ஹில்லின் இளமையைப் பறித்த நோயும், அவர் முதுமைவரை ஆராய்ந்த பழக்கமும் தமிழ்நாட்டு ஆண்களின் நுரையீரலில் ஒன்றுசேர்ந்திருந்தன.

2019-இல் நடத்தப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயதுவரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர். அவர்களில் பழக்கத்தைத் தொடர்பவர்கள் அறுபதை எட்டும்போது 2060-களின் நடுப்பகுதி ஆகிவிடும். அன்றைக்கு இறப்புச் சான்றிதழில் எழுதப்படுவதற்கான காரணம் இன்றே பள்ளிக்கூட வாசலில் கைமாறிக்கொண்டிருக்கிறது. 18 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கவே கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்த வாசல்களில் நின்று பார்ப்பவர்களுக்குச் சட்டத்தின் நிலை தெரியும்.

மின் சிகரெட்டை 2019-இல் நம் நாடு தடை செய்தது. அதன் நெடுநாள் விளைவு இன்னதென்று உறுதியாகச் சொல்ல, அதை இளமையில் தொடங்கியவர்கள் முதுமையடைந்திருக்க வேண்டும். இன்னும் யாரும் அடையவில்லை. புதிய பொருள் ஒவ்வொன்றும் இந்த இடைவெளியில்தான் சந்தைக்கு வருகிறது. தீங்கு நிரூபிக்கப்படவில்லை என்ற வாதம் முதல் முப்பது ஆண்டுகளுக்கு எப்போதும் உண்மையாகவே இருக்கும். தீங்கில்லை என்பதற்கு அது சான்றாகாது.

ஆகவே நம் முன் இரண்டு கடமைகள் உள்ளன. நம் சிறார்களிலும் இளைஞர்களிலும் பெருங்குழுக்களைத் தேர்ந்து, எந்த வயதில், எதைத் தொடங்கினார்கள், எப்போது விட்டார்கள் என்று பல பத்தாண்டுகள் பின்தொடரும் ஆய்வுகளுக்கு இன்றே பணமும் பொறுமையும் ஒதுக்குவது ஒன்று. அத்தகைய ஆய்வு எந்த அரசின் பதவிக் காலத்துக்குள்ளும் முடியாது. தொடங்குபவர் முடிவைக் காணாமலும் போகலாம். ஹில் காணவில்லை. அந்த முடிவுக்காகக் காத்திராமல், ஏற்கெனவே தெரிந்ததைக் கொண்டு இன்றைய பிள்ளைகளைக் காப்பது மற்றொன்று. முப்பது வயதுக்குள் விட்டால் ஏறத்தாழ எல்லாம் மீளும் என்று அறிந்துகொள்ள ஆயிரக்கணக்கான மருத்துவர்களின் வாழ்வும் சாவும் தேவைப்பட்டன. நம் வீட்டு இளைஞனுக்கு அதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.